பதினேழாவது பகுதிக்கு வந்த தோழி

நடந்தவை இவை:

1. நான்கு ஆண்டுகளில் பதினொரு காதல் நாவல்களை ஒரு செயலியில் தொடராக எழுதி முடித்தேன்.
2. பன்னிரண்டாவது நாவலின் பதினோராவது பகுதியில், நாயகன் நாயகியைப் பேருந்து நிலையத்தில் வைத்து அறைந்தான்.
3. நான் எழுதியவற்றிலேயே வாசகர்கள் அதிகம் கொண்டாடிய பகுதி அதுதான்.
4. பரளச்சியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பினாள். தனக்கு நடக்கவிருந்த சம்பந்தத்தை நிறுத்துவதற்காகக் கதையை மாற்றச் சொன்னாள்.
5. மாற்றினேன். அவள் நிலைமை இன்னும் மோசமானது.
6. பஸ் ஏறிப் போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.
7. அதற்குப் பிறகு நான் காதல் கதை எழுதவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், "எழுத மிகவும் பிடித்த வகை எது?" என்று செயலிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். உங்கள் பதில்களை எனக்கும் அனுப்பி, அனுபவசாலி என்ற முறையில் நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். படித்தேன். ஒருவர் பேய்க்கதை என்றிருக்கிறார். ஒருவர் சமையல் என்றிருக்கிறார். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை போல. மற்ற எல்லோரும் காதல். காரணமும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "மனசுக்கு நெருக்கமானது." நானும் முதல் வாரத்தில் இதையே எழுதினேன். எழுதச் சுலபமானது என்று ஒருவராவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள இந்த வயது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை.

நான் பாலிடெக்னிக்கில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவள். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எதையும் அட்டவணை போட்டுப் பார்க்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. இரண்டாவது நாவல் முடிந்ததும், எந்தக் காட்சிக்கு வாசகர்கள் எப்படித் துள்ளினார்கள் என்று ஓர் எக்செல் தாளில் எழுதிப் பார்த்தேன். நாயகி மயங்கி விழுந்தால் நல்லது. மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் இன்னும் நல்லது. நாயகன் வழியை மறித்தால், மிரட்டினால், கையை முறுக்கினால் அதற்கு மேல் நல்லது ஒன்றுமில்லை. வாரத்துக்கு மூன்று பகுதி வெளியாகும்; ஆறு பகுதிக்கு ஒரு மழை, ஒன்பதுக்குள் ஒரு மிரட்டல், பன்னிரண்டுக்குள் ஓர் அறை என்று வைத்துக்கொண்டேன்.

திருச்சுழிப் பக்கம் ஐப்பசியில் நாலு மழை உருப்படியாகப் பெய்தால் அது நல்ல வருஷம். என் கதையில் இரண்டு வாரத்துக்கு ஒன்று தவறாமல் பெய்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீரை அடித்து, "காலையில தின்னியா இல்லையா?" என்று வைவார்கள். என் நாயகியை ஒருவன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறுவான். அவன் வீட்டில் எப்போதும் மாடி உண்டு. அவனுக்கு ஒரு நிறுவனமும் உண்டு. அந்த நிறுவனம் என்னதான் தயாரிக்கிறது என்று பதினொரு நாவல்களில் நான் ஒரு முறைகூட எழுதியதில்லை. செயலியில் ஒருவரும் கேட்டதும் இல்லை.

இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறேனே, பிடிக்காமலா எழுதினேன்? பிடித்துத்தான் எழுதினேன். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் எழுதுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே எழுந்திருப்பேன். என்னைத் தேடிக்கொண்டு யாரும் எந்த வாசலிலும் வந்து நின்றதில்லை. கதையில் ஒருவனைக் கொண்டுவந்து நிற்கவைக்க ஒரு வரி போதும். அந்தச் சுகம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால்தான் "மனசுக்கு நெருக்கம்" என்று மழுப்பியிருக்கிறீர்கள்.

பதினோராவது பகுதிக்கு வருகிறேன். நாயகி உடன் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டே பேருந்திலிருந்து இறங்குகிறாள். காரில் காத்திருந்த நாயகன் வந்து எல்லோர் முன்னாலும் அறைகிறான். அவள் கன்னத்தைப் பிடித்தபடி அவன் கண்களைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் நான் எழுதிய வரி: "உரிமை இல்லாதவனுக்குக் கோபம் வராது." இட்லியைத் தின்றுகொண்டே எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாசகர்கள் அந்த வரியைப் படமாக்கி ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அடுத்த பக்கத்திலேயே நாயகன் தனியறையில் தன் கையைச் சுவரில் குத்திக்கொண்டு அழுதான். அதற்கும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தி வந்தது. அனுப்பியவளைக் காளீஸ்வரி என்று சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் என்பதை மாற்றவில்லை.

"அக்கா, எங்கம்மா உங்க கதைய நூறு நாள் வேலையில கம்மாக்கரையில வச்சு வாசிக்கும். வேலை முடிஞ்சு, வருகைக்கு எடுக்குற ரெண்டாவது போட்டோவுக்குக் காத்துக்கிட்டு இருக்கப்ப மரத்தடியில சத்தமா வாசிக்கும். இருவது பேரு கேப்பாக. பதினொன்னாவது பகுதிய ரெண்டு தடவ வாசிச்சுச்சு. எங்க மாமா, அம்மாவோட தம்பி, லோடு வண்டி ஓட்டுறாரு. அவருக்கு என்னையக் குடுக்கணும்னு அம்மாவுக்கு ஆச. போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கிளாஸ் பையன்கூடப் பேசிக்கிட்டு நின்னேன்னு என்னைய அறைஞ்சுட்டாரு. கம்மல் தெறிச்சு விழுந்துருச்சு. வீட்டுல வந்து அழுதேன். அம்மா உங்க வரியத்தான் சொல்லுச்சு. உரிமை இருக்கவன்தான கோவப்படுவான்னு. வர்ற ஞாயித்துக்கிழமை பூ வைக்க வாராக. நான் வேணாம்னு சொன்னா அம்மா காதுல ஏறாது. கதையில அந்தப் பிள்ள வேணாம்னு சொன்னா ஏறும். நாளைக்கு வார பகுதியில சொல்ல வச்சிருங்கக்கா."

எங்கள் பக்கம் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு மறுத்தால் பெண்ணின் பெயர்தான் கெடும். அவளுக்கு இருந்தது ஐந்து நாள்.

அந்த மாமா என் கதையைப் படித்தவரில்லை. அதில் ஓர் ஆறுதல் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அறைந்தவருக்கு என் கதை தேவைப்படவில்லை. அறை வாங்கியவளின் வாயை அடைக்கத்தான் தேவைப்பட்டது.

அப்போது நான் செய்திருக்கக்கூடியவை பல. அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவள் கல்லூரியில் யாரிடமாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். பரளச்சி ஒன்றும் வெளிநாடு இல்லை. எதையும் செய்யவில்லை. "கவலைப்படாதே தங்கச்சி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். என் கதை ஒரு கல்யாணத்தை நிறுத்தும் என்று ஒருத்தி நம்புகிறாள். வெட்கப்பட வேண்டிய இடத்தில் நான் பெருமைப்பட்டேன்.

புதன்கிழமை விடியற்காலையில் பதினேழாவது பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. என் நாயகியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியவில்லை. பதினாறு பகுதிகளில் அவள் செய்ததை எல்லாம் பட்டியல் போட்டேன். நடுங்கினாள். கண் கலங்கினாள். உதட்டைக் கடித்தாள். மயங்கினாள். எதையும் அவளாக யோசித்து முடிவெடுத்ததாக ஒரு வரி இல்லை. திடீரென்று இன்றைக்கு அவள் எப்படி முடிவெடுப்பாள்? ஷிப்டுக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

ஒரு தோழியைக் கொண்டுவந்தேன். அதுவரை கதையில் இல்லாதவள். விடுதி அறைத்தோழி, கண்ணாடி போட்டவள், துணிச்சல்காரி. இரண்டு பக்கத்துக்கு அறிவுரை சொன்னாள். "உன்னை அடித்தவனோடு உனக்கென்ன வாழ்க்கை?" என்றாள். நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தோழி சொன்னதை அப்படியே நாயகனிடம் ஒப்பித்துவிட்டுப் பஸ் ஏறினாள். பதிவேற்றிவிட்டு மில்லுக்குப் போனேன். மனதுக்குள் நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மதியத்துக்குள் கருத்துப் பகுதி கொதித்தது. "ஹீரோ பாவம் ரைட்டர் ஜி." "இவளுக்கு இவ்ளோ திமிர் ஆகாது." "அந்தத் தோழியக் கொல்லுங்க மேம், ப்ளீஸ்." செயலியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், கதை என்றால் என்னவென்று தெரியாதவர்.

"மேம், ஒரு சின்ன யோசனை. பதினேழாவது பகுதி முழுக்க ஹீரோயின் கண்ட கனவுன்னு வச்சிரலாமா? வெள்ளிக்கிழமை பகுதியில முழிச்சுக்கட்டும்."

"யோசிக்கிறேன் சார்."

"முழிச்ச உடனே ஹீரோ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும் மேம்."

வியாழக்கிழமை வேறொரு எண்ணிலிருந்து காளீஸ்வரியின் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசி. "அக்கா, அம்மா வாசிச்சுச்சு. நல்லா இருந்த பிள்ளைய அந்தக் கண்ணாடிக்காரி கெடுத்துட்டான்னு கம்மாக்கரையில எல்லாரும் பேசிக்கிட்டாக. வீட்டுக்கு வந்து, ஒனக்கும் இப்படி எவளும் கூட்டாளி இருக்காளான்னு கேட்டுச்சு. போன வாங்கி வச்சிருச்சு. காலேஜுக்கு இனிமே போக வேணாமாம்."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கதையை அவர் சரியாகத்தான் வாசித்திருந்தார். அந்த நாயகி தானாக எதையும் யோசிக்க மாட்டாள் என்று பதினாறு பகுதிகளாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் திடீரென்று மறுத்தால், எவளோ தூண்டிவிட்டிருக்கிறாள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? நாற்பது நிமிட அவசரத்தில் நான் கொண்டுவந்த ஒரு தோழியால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது.

இந்தச் செயலியில் எனக்கு முன்னால் புகழ்பெற்ற ஒரு மூத்த எழுத்தாளர் உண்டு. எனக்கு ஆரம்பத்தில் வழி சொன்னவர். அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ரீடர் வீட்டுப் பஞ்சாயத்துக்கு ரைட்டர் போகக் கூடாதும்மா. இன்னிக்கு ஒருத்தி வீட்டுக்குப் போனா நாளைக்கு நாலு பேரு கூப்பிடுவாக. கதைய எழுதுனோமா, ஹார்ட் போட்டோமா, வந்தோமான்னு இருக்கணும்" என்றார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட பலவற்றில் அந்த இதயம் போடுவதும் ஒன்று. யார் என்ன கருத்து எழுதினாலும் கீழே ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட வேண்டும். வாசகர்களுக்கு நாம் படித்தோம் என்று ஒரு திருப்தி. பஸ்ஸில் போகும்போது விரலால் தட்டிக்கொண்டே போவேன். நூறு கருத்துக்கும் நூறு இதயம்.

பேச்சை முடித்துவிட்டு, காளீஸ்வரியின் அம்மா என் கதைக்கு எழுதிய கருத்துகளைத் தேடினேன். அவர் பெயரைச் சண்முகத்தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவது பகுதிக்குக் கீழே இருந்தது: "எங்க வீட்லயும் இதே மாரி நடந்துச்சு மேடம். என் தம்பி என் மகள பஸ்டாண்டுல வச்சு அறஞ்சுட்டான். எனக்கு மனசு ஒரு மாரி இருந்துச்சு. உங்க கதைய படிச்ச பெறகு நிம்மதியா இருக்கு."

அதற்குக் கீழே என் இதயம்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டேன். பரளச்சி தாண்டி இறங்கி, கேட்டுக் கேட்டுக் கண்மாய்க்கு நடந்தேன். பஸ்ஸில் போகும்போது கைப்பேசியில் பேச வேண்டிய குறிப்புகளை எழுதிக்கொண்டேன்: படிப்பு, சட்டம், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய்கள், அவள் விருப்பம். ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். காளீஸ்வரி எனக்குச் செய்தி அனுப்பியதைச் சொல்லக் கூடாது. சொன்னால் நான் திரும்பிப் போன பிறகு அடி அவளுக்குத்தான்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. கருவேல மரங்களை வெட்டிய கட்டைகள் மட்டும் நின்றன. கரையில் ஒரு புளியமரத்தடியில் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு தாயி? ஆபீஸ்லருந்து வாரியா?" என்றார் ஒரு வயதான பெண். பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"இல்லைங்கம்மா. நீங்க கேக்குற கதைய எழுதுறவ."

ஒரே சிரிப்பு.

"ஏத்தா சம்முகம், ஒன் ரைட்டரு வந்துருக்குடி!"

"இந்தப் பிள்ளையா? நான் கொண்டை போட்டு, பெரிய பொம்பளயா இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"ஏம்மா, அந்தக் காருக்காரன் என்னதான் சோலி பாக்குறான்? பூராம் போனுலயே பேசிக்கிட்டு இருக்கான்."

"அது எனக்கே தெரியலைங்கம்மா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார். "எதுக்கு வந்த?" என்றார்.

"நீங்க போட்ட கமெண்டப் பாத்துட்டு வந்தேன்க்கா. பதிமூணாவது பகுதியில. உங்க தம்பி உங்க மகள அடிச்சதப் பத்திப் போட்டிருந்தீகள்ல."

"ஆமா. நீயுந்தான் அதுக்கு ஹார்ட் போட்ட."

"அதச் சொல்லத்தான் வந்தேன். படிக்காமப் போட்டுட்டேன்."

"படிக்காம எப்படிப் போடுவ?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"நெறைய வரும்க்கா. எல்லாத்துக்கும் போட்டுட்டுப் போயிருவேன்."

"ரேசன் கடையில வெரலு வைக்கிறாப்புல" என்றார் பேச்சியம்மாள்.

சண்முகத்தாய் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். "அந்த ஹார்ட்ட நான் எங்க வீட்டுல எல்லாத்துக்கிட்டயும் காட்டுனேன். கதை எழுதுற பொம்பளயே சரின்னுருச்சு, நீங்க என்னடா சொல்றதுன்னு."

நான் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒருத்தி ஒரு கூடையை என் பக்கம் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன்.

"உரிமை இல்லாதவனுக்குக் கோவம் வராதுன்னு நீதான எழுதுன?" என்றார் சண்முகத்தாய். "இப்ப வந்து என்ன சொல்ற?"

"எழுதுனேன். என்னைய யாரும் அறைஞ்சதில்லைக்கா. தெரியாம எழுதுனேன்."

"எங்கள அறைஞ்சிருக்காக" என்றார் பேச்சியம்மாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "கதையில கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, தாயி. இல்லைன்னு சொல்லல. அங்க அவன் அடுத்த பக்கத்துலயே அழுதுருவான்ல. எங்க வீட்டுல ஒருத்தனும் அழுகல."

"நீ சும்மா இரு அத்த" என்ற சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினார். "இந்தா பாரு. என் மகளுக்கு நான் எதிரியா? வெளிய குடுக்குறேன்னு வையி. அங்க ஒருத்தன் அடிச்சா நான் யாருன்னு போயிக் கேக்க? வாசல்ல நிக்க விடுவாகளா? இவன் நான் இடுப்புல தூக்கி வளத்தவன். அடிச்சா ஏன்டா அடிச்சன்னு கேப்பேன். அவன் பதில் சொல்லித்தான ஆகணும்? அதுக்குத்தான் இவனுக்குக் குடுக்குறேன். நான் ஒன்னும் கூறுகெட்டவ இல்ல."

நான் எழுதிக்கொண்டு போன குறிப்புகளில் இதற்குப் பதில் இல்லை. பன்னிரண்டு நாவல்களில் எத்தனை அம்மாக்களை எழுதியிருக்கிறேன்! அவர்கள் அழுதார்கள், அல்லது தட்டில் காபி கொண்டுவந்தார்கள். ஒருத்திக்குக்கூட நான் ஒரு காரணத்தைக் கொடுத்ததில்லை. இங்கே ஒருத்தி இருபது பேர் நடுவில் உட்கார்ந்து, என்னால் தட்ட முடியாத ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டாள். சட்டத்தையும் நோயையும் விட்டுவிட்டேன். அவர் சொன்னதிலிருந்தே எனக்கு ஒரு கேள்விதான் எழுந்தது.

"பஸ் ஸ்டாண்டுல அடிச்சதக் கேட்டீகளாக்கா?"

"எத?"

"ஏன்டா அடிச்சன்னு. உங்க தம்பிகிட்ட."

அவர் துண்டின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "அதான் பூ வைக்கப் போறமே, இந்த நேரத்துல எதுக்குன்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அதான சம்முகம்" என்றார் பேச்சியம்மாள். "கேட்டியா?"

"ஒன்னைய யாரு கேட்டா?"

"நான் கேக்குறேன். இப்பக் கேக்காதவ, குடுத்த பெறகா கேப்ப?"

அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. என்னால் எழுதியிருக்கவும் முடியாது.

அதற்குள் கரையிலிருந்து, போட்டோவுக்கு வரச் சொல்லிக் குரல் வந்தது. எல்லோரும் எழுந்து கூடைகளை எடுத்துக்கொண்டார்கள். சண்முகத்தாய் தலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ கெளம்பு. மூணு மணி பஸ்ஸ விட்டா அஞ்சு மணிக்குத்தான். வெயில்ல வந்துருக்க, அந்தக் கொடத்துல தண்ணி கெடக்கு, குடிச்சிட்டுப் போ."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எதையும் சாதித்ததாகத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பகுதியை வெளியிடவில்லை. ஒருங்கிணைப்பாளர் ஆறு முறை கூப்பிட்டார்.

பிறகு நடந்ததைக் காளீஸ்வரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலை அவள் மாமா லோடு வண்டியில் நாற்காலிகளும் பாத்திரங்களும் கொண்டுவந்து வாசலில் இறக்கியிருக்கிறார். சண்முகத்தாய் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"ஏன்டா தம்பி, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல பிள்ளைய எதுக்கு அடிச்ச?"

"கட்டிக்கப் போறவன் அடிப்பேன். அதக் கேக்க நீ யாரு?"

"நான் யாரா?"

"ஆமா. குடுத்துட்டா அதோட ஒன் சோலி முடிஞ்சுது."

சண்முகத்தாய் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவரும், சோற்றைப் பிசைந்துகொண்டே, திரும்பச் சொல்லியிருக்கிறார். அவர் சாப்பிட்டு முடித்ததும் சண்முகத்தாய் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாராம். ஊற்றிக்கொண்டே சொன்னாராம்: "நாளைக்கு யாரையும் கூட்டிட்டு வராத. எறக்குன சாமானத் திரும்ப ஏத்திக்க."

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? என் கதை எதையும் நிறுத்தவில்லை. நான் போய்ப் பேசியதும் நிறுத்தவில்லை. தன் காரணம் பொய்த்துப்போனதை ஒரு பெண் தன் காதால் கேட்டாள், முடிவெடுத்தாள். எந்தத் தோழியும் வந்து அவருக்கு எதையும் ஓதவில்லை. இந்த ஊர்ப் பெண்களால் இது முடியும் என்பது, அவர்களுக்காக நான்கு ஆண்டுகள் எழுதிய எனக்குத் தெரியாமல் இருந்தது. நான் அவர்களுக்குக் கொடுத்ததெல்லாம் மழையும் மயக்கமும்.

காதல் கதை எழுதாதீர்கள் என்று சொல்ல நான் யார்? எழுதுங்கள். ஒருத்தி சாப்பிட்டாளா என்று ஒருத்தன் கவனிப்பதை எழுதுவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய மாதிரிப் பகுதிகளையும் படித்தேன். பத்தில் எட்டில் நாயகன் நாயகியின் கையை முறுக்குகிறான். ஒன்றில் தூக்கிக்கொண்டு போகிறான். இன்னொன்றில் அவள் கழுத்தைப் பிடிக்கிறான், அவளுக்குச் சிலிர்க்கிறது. எழுதியவர் ஒரு பல் மருத்துவர் என்று குறிப்பில் இருக்கிறது. கழுத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வாசகர்களுக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும். என் எக்செல் தாளும் அதைத்தான் சொன்னது. அந்தத் தாளில் ஒரு பிழையும் இல்லை. யார், எந்த மரத்தடியில், எதற்காக வாசிக்கிறார்கள் என்று எழுத அதில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் நாயகி தானாக எடுக்கும் முடிவுகளைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால், நீங்கள் எழுதுவது அவளுடைய காதலை அல்ல. அவளை வைத்து வேறு எதையோ எழுதுகிறீர்கள். இன்னொன்று: படிக்காத கருத்துக்கு இதயம் போடாதீர்கள். இதற்கு மேல் எனக்குப் போதிக்கத் தெரியாது.

இப்போதைய நிலை இது. காளீஸ்வரி மறுவாரமே கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். கடைசிப் பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கைப்பேசி அவளிடம் இருக்கிறது. அந்த நாவல் பதினேழாவது பகுதியில் நிற்கிறது. நான் முடிக்கப் போவதில்லை. கண்மாய் வேலை முடிந்து, பெண்கள் இப்போது ஓடைக்கரைக்கு மாறியிருக்கிறார்கள். அங்கே வேறொருவரின் தொடரைப் பேச்சியம்மாளின் மருமகள் வாசிக்கிறாள் என்று கேள்வி. சண்முகத்தாய் கதை வாசிப்பதையும் கேட்பதையும் விட்டுவிட்டார். அவருடைய தம்பி அந்த வாசலை மிதிப்பதில்லை, தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். சண்முகத்தாய்க்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.